சுளுக்கு என்று பொய் சொன்ன டாக்டர்

2005 டிசம்பர் 31. அமெரிக்காவின் ஹூஸ்டனில், வீட்டில் தனியாக உட்கார்ந்து ஒரு சொற்பொழிவுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார் மைக்கேல் டிபேக்கி. வயது 97. திடீரென்று மேல் மார்பையும் தோள்பட்டைகளின் நடுவையும் பிளப்பதுபோல் ஒரு வலி, கழுத்துக்கும் ஏறியது. மாரடைப்புதான் என்று முதலில் நினைத்தார். கொஞ்ச நேரத்தில் இது வேறு, பெருந்தமனிக் கிழிசல் என்று புரிந்துவிட்டது. புரியாமல் போனால்தான் அதிசயம். இந்த நோயை வகை பிரித்தவரே அவர்தான். அதற்கு அறுவை சிகிச்சை செய்து ஜெயித்துக் காட்டிய முன்னோடியும் அவர்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாரா? இல்லை. வீடு திரும்பிய மனைவியிடம், தூக்கத்தில் சுளுக்கிக்கொண்டது என்று சொல்லிவிட்டார்!

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் சுவர் மூன்று அடுக்கு. உள்ளடுக்கில் ஒரு கீறல் விழுந்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் அதற்குள் புகுந்து, வாழைமட்டையை உரிப்பதுபோல் அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே போகும். வழியில் கைக்கோ மூளைக்கோ போகும் கிளை அடைபடலாம். வெளிச்சுவரும் கிழிந்தால் சில நிமிடம்தான். பல வருஷம் கவனிக்காமல் விட்ட பிபி இதற்கு முக்கியக் காரணம். மார்ஃபான் போன்ற பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கு இளவயதிலேயே வரலாம்.

கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். ஈசிஜி சரியாகவே இருக்கலாம். மாரடைப்பென்று எண்ணி ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டால் அதுவே எமனாகிவிடும். இரண்டு கையிலும் பிபி பார்த்து, வித்தியாசம் அதிகமிருந்தால் டாக்டருக்குச் சந்தேகம் வரும். மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேன் உறுதி செய்யும். கிழிசல் இதயத்தை ஒட்டி மேலேறும் பகுதியில் இருந்தால் உடனே ஆபரேஷன். முதுகுப்பக்கம் இறங்கும் பகுதியில் மட்டும் என்றால், பெரும்பாலும் பிபியையும் நாடித்துடிப்பையும் மருந்தால் இறக்கினாலே சமாளிக்கலாம். தேவைப்பட்டால் தொடை இடுக்கு வழியாகத் துணி போர்த்திய ஸ்டென்ட் வைப்பார்கள்.

அந்தத் துணிக்கும் ஒரு கதை உண்டு. 1950-களில் செயற்கைத் தமனி செய்ய நைலான் வாங்கக் கடைக்குப் போனார் டிபேக்கி. நைலான் தீர்ந்துவிட்டது. புதுசாக டேக்ரான் வந்திருக்கிறது என்றார்கள். ஒரு கஜம் வாங்கிவந்து, மனைவியின் தையல் மிஷினில் குழாயாகத் தைத்தார். தையல் சின்ன வயதில் அம்மா சொல்லிக்கொடுத்தது.

டிபேக்கிக்குக் கிழிந்திருந்தது மேலேறும் பகுதி. ஆனாலும் ஆபரேஷன் வேண்டாம் என்றார். வாரங்கள் போகப்போக பெருந்தமனியின் வீக்கம் பெருத்தது, அவர் நினைவிழந்தார். செய்யலாமா கூடாதா என்று மருத்துவமனையே இரண்டுபட்டது. மனைவி விடவில்லை. 2006 பிப்ரவரி 9 அன்று, பல வருஷம் கூட வேலை பார்த்த ஜார்ஜ் நூன் கத்தியை எடுத்தார். ஏழு மணி நேரம். கிழிந்த இடத்தை வெட்டி, டேக்ரான் குழாயை வைத்துத் தைத்தார்கள். வேண்டாம் என்றவரை அறுத்தது நியாயமா என்பது எனக்கு இன்னும் தீராத கேள்வி. அவர் என்னவோ, செய்தது சரிதான் என்று பின்னால் சொன்னார். 2008 ஜூலையில் இறந்தபோது, நூறு வயதுக்கு இரண்டு மாதம்கூட பாக்கி இல்லை.