ஏழு கன்று, ஒரே அடிமரம்

தொட்டியில் வைத்த ஆலங்கன்று வருஷக்கணக்கில் ஆனாலும் கரண்டிக் காம்பு கனத்தைத் தாண்டவில்லையே என்று அலுத்துக்கொள்ளும் சகோதரிகளை எனக்குத் தெரியும். நானும் அந்தக் கட்சியில் இருந்தவள்தான். போன்சாய் கண்காட்சியில் மட்டும் ஒரு முழ உயர மரத்துக்கு அத்தனை பருத்த அடிமரம் எப்படி வருகிறது?

மரத்தின் பட்டைக்குக் கீழே மெல்லிய வளர் அடுக்கு ஒன்று இருக்கிறது. மரம் பருப்பது அதனால்தான். நிறைய இலையும், ஓட இடமுள்ள வேரும் இருந்தால்தான் அது வேகமாக வேலை செய்யும். சின்னத் தொட்டியில் இரண்டுக்குமே வழியில்லை. அதனால் சிலர் கன்றைத் தரையில் நட்டு, பல வருஷம் பருக்கவிட்டுப் பிறகு தொட்டிக்கு மாற்றுகிறார்கள். இன்னொரு வழி, பல கன்றுகளைச் சேர்த்துக் கட்டி ஒன்றாக்கிவிடுவது. பட்டைகள் நெருக்கி அழுந்தும்போது உள்ளே இருக்கும் வளர் அடுக்குகள் சந்தித்து ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டுமாங்கன்றில் நடப்பதும் இதுதான். ஆல், அரசு, இச்சி வகைகளுக்கு இது கைவந்த கலை. ஆலமரத்தின் விழுதுகள் ஒன்றோடொன்று பின்னி ஒரே தூணாகி நிற்பதைப் பார்த்திருப்பீர்களே! சென்னை அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் தாய்மரம் 1989-ல் சாய்ந்த பிறகும் விழுதுகளின் பலத்தில் அது நிற்கிறது.

நான் இதில் இறங்கியது ஆசைக்காக அல்ல. 2019-ல் எங்கள் கிராமத்து வீட்டை விற்றோம். வாங்கியவர் இடித்துக் கட்டப் போகிறார் என்று தெரிந்தது. கடைசியாகச் சாமான் எடுக்கப் போன அன்று, கிணற்றுச் சுவர் வெடிப்பில் ஏழு ஆலங்கன்றுகள் முளைத்திருந்தன. காக்காய் போட்ட விதை. வேறு சமயமாக இருந்தால் சுவரைப் பிளந்துவிடுமென்று அத்தையே பிடுங்கி எறிந்திருப்பார். அன்று மட்டும், "இதையாவது எடுத்துக்கோம்மா. நான் இருக்கும்போதே மரமாப் பாக்கணும்" என்றார். அத்தைக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. எங்களுக்கோ மாடி வீடு. தொட்டியில் ஒற்றைக் கன்று எப்போது மரமாவது?

ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, தனித்தனிப் பையில் வைத்து, ஓரளவு பென்சில் கனம் வந்ததும் ஆடி மாதத்தில் சேர்த்துக் கட்டினேன். கத்திரி வெயிலில் இந்த வேலை வேண்டாம். வேரை அலசி, ஆணிவேரைக் குறைத்து, ஒன்றோடொன்று படும் இடத்தில் மட்டும் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டி, அடியில் இறுக்கிச் சுற்றினேன். வழியும் பாலைக் குளிர்ந்த தண்ணீரால் கழுவ வேண்டும். அது தோலில் அரிக்கும், கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. தவழும் குழந்தை உள்ள வீட்டில் இந்த வேலையை அது தூங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியையும் அதன் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நான் செய்த தப்பு, கட்டுக்கம்பியால் சுற்றியது. அந்த நேரம் பார்த்து மகளின் பிரசவத்துக்குப் போய் இரண்டரை மாதம் தங்கிவிட்டேன். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு என்னவருக்கு. ஊற்றத்தான் செய்தார், பாவம். ஆனால் கம்பியைப் பார்க்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது கம்பி பட்டைக்குள் புதைந்து, மேலே வீங்கி, இரண்டு கன்றுகள் காய்ந்து நின்றன. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

கம்பியை இடுக்கியால் துண்டு துண்டாக நறுக்கி எடுக்கவே ஒரு பகல் ஆயிற்று. செத்த கன்றை நடுவில் விட்டால் மட்கிப் பொந்தாகிவிடும் என்பதால் அவற்றை உருவி எடுத்தேன். மிச்சமிருந்த ஐந்தின் நுனிகளில் இரண்டு போத்து வெட்டி, வேர் விடவைத்து, காலி இடத்தில் சொருகினேன். ஆலம்போத்து எளிதில் வேர் பிடிக்கும். இந்த முறை பழைய சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக நறுக்கிக் கட்டினேன். ரப்பர் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். இருந்தாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவிழ்த்து, தடம் பதிகிறதா என்று பார்த்து, இடம் மாற்றிக் கட்ட வேண்டும். இதை மட்டும் சோம்பலால் விட்டுவிடாதீர்கள்.

துளை போட்ட அகலமான பிளாஸ்டிக் டப்பில், சலித்த செங்கல் ஜல்லி, செம்மண், மட்கிய சாணி எரு கலந்த மண்ணைப் போட்டு, கட்டுக்கு நேர் கீழே ஓர் ஓட்டுத் துண்டு வையுங்கள். வேர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் பரவும், அடிமரமும் அகலும். நல்ல வெயில் வேண்டும். முதல் இரண்டு வருஷம் அழகு பார்த்துக் கத்தரிக்கவே கூடாது. தலைவிரி கோலமாக வளரட்டும், அந்த இலைகள்தான் அடிமரத்துக்குச் சோறு போடுகின்றன. ஒன்று மட்டும் ஓங்கி மற்றவற்றை நிழலில் அமுக்கினால் அதன் நுனியை மட்டும் கிள்ளிவிடலாம். சேர்ந்து இருந்தால் எல்லாம் தானே செழித்துவிடும் என்று நினைக்காதீர்கள், பலசாலி மற்றதைப் பட்டினி போட்டுவிடும்! "நம்ம வீட்டு மூத்த ஓரகத்தி மாதிரி" என்றார் அத்தை. நான் சிரிக்கவில்லை.

சுமார் ஒரு வருஷத்தில் கன்றுகளுக்கு இடையே இருந்த கோடுகள் மேடிட்டுப் புடைத்தன. அடுத்த வருஷம் டியூபை எடுத்துவிட்டேன், பிரியவில்லை. இன்னும் உற்றுப் பார்த்தால் மடிப்பு மடிப்பாகத் தெரிகிறது. அது வயசான மரத்தின் களையைத்தான் தருகிறது. போன மாதம் நூல் வைத்து அளந்தேன். அடியில் சுற்றளவு 11 அங்குலம், உயரம் ஒன்றரை அடி.

தினமும் காலையில் காபி டம்ளரோடு அத்தை அதன் பக்கத்தில்தான் உட்காருகிறார். வருகிறவர்களிடம் "எங்க கிணத்தடி மரம்" என்று சொல்கிறார். வருகிற ஆடியில் தட்டைத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். "வேரை ரொம்ப வெட்டிடாதே" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார்.