மிக்ஸியும் புராஜெக்ட் ரிவ்யூவும்

நான் குடியிருக்கிறது நியூஜெர்சியில ஒரு பழைய மரவீட்டு பேஸ்மென்ட். வைஃபை கீழ இறங்காது. வீட்டுக் கரண்ட் ஒயர் வழியாவே நெட் கொண்டுவர்ற அடாப்டர் ரெண்டு வாங்கி சுவத்துல சொருகியிருந்தேன் (கம்பெனி பேர் எதுக்கு, விடுங்க). போன வாரம் ஆன்லைன் ரிவ்யூ. புரொபசர் கேள்வி கேட்ட நேரம் பாத்து மாடியில ரூம்மேட் சட்னிக்கு மிக்ஸி போட்டான். புரொபசர் திறந்த வாயோட அப்படியே உறைஞ்சுட்டார்!

கோபம் ஆறினப்புறம் யோசிச்சா மிக்ஸியையும் குத்தம் சொல்ல முடியல. அந்த ஒயர் 60 ஹெர்ட்ஸ் கரண்டுக்காகப் போட்டது. மோட்டார் பிரஷ்ல பறக்கிற பொறி, மலிவு சார்ஜர், எல்லாம் அதுலதான் இரைச்சலைக் கொட்டுது.

இது பழைய வம்பு. 1975ல ஸ்காட்லாந்துல பிகோ எலெக்ட்ரானிக்ஸ் உருவாக்கின எக்ஸ்-10 இதே ஒயர்லதான் லைட்டை ஆன், ஆஃப் பண்ணுச்சு. (அதோட அமெரிக்க ஆபீஸ் ஒரு காலத்துல நம்ம நியூஜெர்சி க்ளோஸ்டர்லதான் இருந்தது!) ஏசி மின்னழுத்தம் செகண்டுக்கு 120 தடவை பூஜ்யத்தைக் கடக்கும். அந்தக் கணத்துல 120 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு மில்லிசெகண்ட் கூவல். ஒரு பிட்டுக்கு ரெண்டு கடத்தல், ஒவ்வொரு செய்தியும் ரெண்டு தடவை. ஒரு லைட் போட கிட்டத்தட்ட 0.8 செகண்ட். போய்ச் சேர்ந்துச்சான்னு பெரும்பாலான மாட்யூல் பதிலும் சொல்லாது. தபால்ல போட்ட கல்யாணப் பத்திரிகை மாதிரி.

இன்னொரு கூத்து. இங்க வீட்டுக்குள்ள 120 வோல்ட் லைன் ரெண்டு வரும். இந்த லைன் சிக்னல் அந்த லைனுக்குப் போகணும்னா தெரு டிரான்ஸ்பார்மர் வரைக்கும் போய்த் திரும்பணும், அதுக்குள்ள தேஞ்சுடும். 240 வோல்ட் மின்அடுப்பைப் போட்டா அதோட காயில் ரெண்டையும் இணைச்சுடும். அடுப்பு எரிஞ்சாதான் ஹால் லைட் எரியுதுன்னு ஆளுங்க குழம்பினது இதனாலதான்.

2005ல வந்த ஹோம்பிளக் ஏவி 2லிருந்து 28 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் 917 அலைகளாப் பிரிச்சு, இரைச்சல் உள்ள அலையில கொஞ்சமாவும் சுத்தமானதுல நிறையவும் ஏத்துது. தப்பினதைத் திரும்ப அனுப்புது. ஃபைலுக்கு அது போதும், தாமதமானாலும் முழுசா வந்துடும். ஆனா புரொபசரோட கேள்வி மூணு செகண்ட் கழிச்சு முழுசா வந்து என்ன பிரயோஜனம்?

அடாப்டரை பவர் ஸ்ட்ரிப்லேருந்து பிடுங்கி நேரா சுவத்துல மாட்டினேன் (ஸ்ட்ரிப்ல இருக்கிற ஃபில்டர் சிக்னலையே விழுங்கிடும்). கொஞ்சம் தேவலை. மறு ரிவ்யூ வியாழக்கிழமை.

அன்னைக்கு இட்லிக்குப் பொடிதான்னு ரூம்மேட்கிட்ட சொல்லியாச்சு.