‘போர்டு போச்சு’ என்றால் எது போச்சு?

வாஷிங் மெஷின் திடீரென்று நின்றுவிடுகிறது. பார்க்க வந்தவர் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “போர்டு போச்சு சார், புதுசுதான் மாத்தணும்” என்கிறார். புது போர்டின் விலையைக் கேட்டால், மெஷினையே மாற்றிவிடலாமா என்று தோன்றுகிறது. ஆனால் ஒரு போர்டு முழுசாகப் போவது அபூர்வம். அதில் இருக்கும் எத்தனையோ உறுப்புகளில் ஒன்றோ இரண்டோதான் போயிருக்கும். அதுவும் பெரும்பாலும் கரண்ட் உள்ளே நுழையும் வாசலிலேயே.

அந்த வாசலைச் சற்றுக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். 230 வோல்ட் வந்து சேரும் கனெக்டரை அடுத்து ஒரு ஃபியூஸ், பல போர்டுகளில் கண்ணாடிக் குழாய். அதன் பக்கத்தில் நாணயம் போல ஒரு வட்ட வில்லை. அதற்கு எம்ஓவி என்று பெயர். வோல்டேஜ் அளவோடு இருக்கும்வரை அது சும்மா நிற்கும். எகிறினால் கரண்டைத் தன் வழியே இழுத்து ஷார்ட் ஆகி, ஃபியூஸை எரித்து, பின்னால் இருப்பவற்றைக் காப்பாற்றிவிடும். அதற்கும் பின்னால், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர், உயரமான ஒரு கெபாசிட்டர், அங்கே தேங்கும் சுமார் 325 வோல்ட்டை 12 வோல்ட், 5 வோல்ட் என்று இறக்கித் தரும் பவர் ஐசி.

தெருக்கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் சில வீடுகளில் வோல்டேஜ் 400ஐ நெருங்கிவிடும். ஒரே ராத்திரியில் தெருவே டிவியையும் ஃப்ரிட்ஜையும் பறிகொடுப்பது அப்படித்தான். மறுநாள் போர்டைத் திறந்தால் எம்ஓவி வெடித்து, சுற்றிலும் கரி படிந்திருக்கும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும் இதுதான் ரிப்பேர்களிலேயே மலிவானது. எம்ஓவியும் ஃபியூஸும் சேர்ந்து ஒரு காபி விலைக்குள் கிடைக்கும். பழைய வில்லையில் 471 என்றோ 561 என்றோ எண் தெரிந்தால் அதையே கேட்டு வாங்க வேண்டும். எம்ஓவியை வெட்டி எறிந்துவிட்டு அப்படியே ஓட்டுபவர்கள் உண்டு. மெஷின் ஓடும், ஆனால் அடுத்த முறை அடி பவர் ஐசிக்கு. ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவதோ ரிப்பேரே இல்லை, வீட்டுக்குத் தீ வைக்கும் ஏற்பாடு.

எரிந்த ஃபியூஸைத் தூக்கிப் போடுமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி தெளிவாக இருந்து உள்ளே இழை மட்டும் அறுந்திருந்தால், கரண்ட் கொஞ்சம் கூடியிருக்கலாம். ஃபியூஸுக்கு வயதாகியும் இருக்கலாம். கண்ணாடி கருத்தோ, உள்ளே வெள்ளி பூசினாற்போலவோ இருந்தால் பின்னால் கடுமையான ஷார்ட். அந்த நிலையில் ஃபியூஸை மட்டும் மாற்றி பிளக்கைச் செருகினால் அடுத்த நொடி புதுசும் போய்விடும். எம்ஓவி, பிரிட்ஜ், பவர் ஐசி மூன்றையும் மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

நல்ல மெக்கானிக்கின் மேஜையில் சீரிஸ் லாம்ப் ஒன்று கட்டாயம் இருக்கும். பழைய 100 வாட் குண்டு பல்பின் வழியாக போர்டுக்குக் கரண்ட் கொடுப்பார். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் கெபாசிட்டர் நிரம்பிவிட்டது, ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பல்பு தடுத்துக்கொள்வதால் எதுவும் வெடிக்காது. எல்இடி பல்பு இந்த வேலைக்கு ஆகாது.

டிவி ஸ்டாண்ட்பை விளக்கைச் சிமிட்டிக்கொண்டே நின்றால் முதல் சந்தேகம் கெபாசிட்டர் மேல். தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம். உப்பாமலே செத்தவையும் உண்டு. உள்ளிருக்கும் திரவத்தை வற்றவைப்பது சூடு. பத்து டிகிரி சூடு குறைந்தால் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அதனால் மாற்றும்போது 105 டிகிரி வகையையே போட வேண்டும். மைக்ரோஃபாரட் அளவு அதேதான். வோல்ட் அளவு கூடலாம், குறையக் கூடாது. உடம்பில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். பழைய போர்டிலிருந்து கழற்றியதைப் புதுசென்று தள்ளிவிடுவதும் நடக்கிறது. கால்கள் குட்டையாக, நுனியில் ஈயம் ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள்.

‘தட்டினால் ஓடும்’ சாதனங்களில் அநேகமாக எதுவும் கெட்டிருக்காது. ரிலே, டிரான்ஸ்ஃபார்மர், கனெக்டர் போன்ற கனமான உறுப்புகளின் கால்கள் சூடேறி ஆறிச் சூடேறி, ஈயத்தில் மயிரிழை விரிசல் விட்டிருக்கும். இதுதான் டிரை சோல்டர். போர்டைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தால் காலைச் சுற்றி மெல்லிய கருவளையம் தெரியும். பழையதை உறிஞ்சி எடுத்து, ஃப்ளக்ஸ் தடவி, புதிதாக ஈயம் வைக்க வேண்டும். 2006இல் ஐரோப்பா ஈயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு வந்த போர்டுகளில் பெரும்பாலும் ஈயமில்லாத சோல்டர்தான். 183 டிகிரியில் உருகும் பழைய சரக்கைப் போலன்றி இது 217 டிகிரிக்கு மேல்தான் இளகும். மலிவான அயர்னை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால் சோல்டர் உருகுமுன் அடியிலுள்ள செம்பு பெயர்ந்து வந்துவிடும்.

ஏசியின் அவுட்டோர் யூனிட்டுக்கு எதிரி பல்லி. கதகதப்பைத் தேடி உள்ளே போய், இரண்டு முனைகளில் கால் வைக்கிறது. அதுவும் போகிறது, போர்டும் போகிறது. இங்கே உறுப்பை மட்டும் மாற்றினால் போதாது. பொறி பறந்த இடத்தில் போர்டே கரியாகியிருக்கும். கரி கரண்டைக் கடத்தும். அதைச் சுரண்டி எடுத்து, அறுந்த செம்புத் தடத்துக்கு ஜம்பர் வயர் போட்டு, மேலே வார்னிஷ் பூசி, பல்லி வந்த இடுக்கையும் அடைத்தால்தான் வேலை முடியும். காற்றோட்டத்துக்கான வழியை அடைத்துவிடக் கூடாது.

இதையெல்லாம் வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த உயரமான கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல், ஒரு குண்டு பல்பின் இரு வயர்களை அதன் கால்களில் வைத்து இறக்கி, மீட்டரில் அளந்து பார்த்த பிறகே கைவைக்க வேண்டும். இன்னொன்று, பல வாஷிங் மெஷின் போர்டுகளில் 5 வோல்ட் பகுதியும் மெயின் லைனோடு நேரடியாக இணைந்திருக்கும். ‘5 வோல்ட்தானே’ என்று தொட்டால் 230 அடிக்கும். மைக்ரோவேவ் ஓவனை மட்டும் திறக்கவே வேண்டாம்.

உண்மையிலேயே கைவிட வேண்டிய போர்டும் உண்டு. மைக்ரோகன்ட்ரோலர் போயிருந்தால், அதே சிப்பைக் கடையில் வாங்கிப் போட்டாலும் வேலை செய்யாது. கம்பெனி எழுதிய புரோகிராம் அதற்குள் இருக்காது. அப்போது இன்னொரு போர்டு தேடுவதுதான் வழி. தேடுமுன் பழைய போர்டில் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு போர்டுகள் வருவதுண்டு. மெஷினின் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் கனெக்டரே பொருந்தாமல் போகலாம்.