மதுவும் கஞ்சாவும் சேரும்போது

வட இந்தியாவில் ஹோலிப் பண்டிகையன்று பாங் அரைத்துக் கலந்த ‘தண்டாய்’ என்னும் பால் பானத்தைப் பருகுவது நெடுநாளைய வழக்கமாகும். அதே நாளில் வாலிபர் சிலர் மதுவும் அருந்துகின்றனர். இரண்டிலும் தம்மால் தாங்கக்கூடிய அளவையே உட்கொண்டதாக அவர்கள் எண்ணுகின்றனர். ஆனால், இரண்டும் ஓர் உடலில் சேரும்போது இக்கணக்குப் பொய்த்துவிடுகிறது. அதன் காரணத்தைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் அவசியம்.

ஒரே செடியின் இலை பாங் எனவும், பூங்கதிர் கஞ்சா எனவும், பிசின் சரஸ் எனவும் வழங்குகின்றன. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டம் கஞ்சாவையும் சரஸையும் விலக்குகிறது. கதிர் சேராத இலை அச்சட்டத்தின் வரையறையில் அடங்காது. ஆயினும், மூன்றிலும் போதை தரும் பொருள் ஒன்றே. டெட்ராஹைட்ரோகன்னாபினால் எனப்படும் அதனை 1964-இல் இஸ்ரேலில் மெக்கூலம், கயோனி என்னும் விஞ்ஞானிகள் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். ஆகவே, ‘இலைதானே’ என்று அலட்சியம் செய்வது தவறு.

இப்பழக்கம் அரிதானதும் அன்று. புது டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் தலைமையில் நடந்து 2019-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 14.6 பேர் மது அருந்துவோர், 2.8 பேர் முந்தைய ஓராண்டில் பாங், கஞ்சா, சரஸ் இவற்றுள் ஒன்றையேனும் உட்கொண்டவர்.

மதுவிலுள்ள சாராயச் சத்து விரைவில் இரத்தத்தில் கலந்து மூளையின் இயக்கத்தைத் தளர்த்துகிறது. கல்லீரல் அதனை ஏறத்தாழ ஒரே சீரான வேகத்திலேயே சிதைக்கும். காப்பியோ, மோரோ, குளிர்ந்த நீரோ அவ்வேகத்தைக் கூட்டா.

கஞ்சாவின் சத்து நினைவாற்றல், உடற்சமநிலை ஆகியவற்றை ஆளும் மூளைப் பகுதிகளைத் தாக்குகிறது. புகைத்தால் சில நிமிஷங்களில் மயக்கம் தோன்றும். உண்டாலோ அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை தாமதமாகலாம். இத்தாமதமே பெரும் அபாயம். ‘ஒன்றும் ஏறவில்லையே’ என்று கருதும் இளைஞன் மீண்டும் ஒரு குவளை பருகுகிறான்; அல்லது மதுவை நாடுகிறான். பின்னர் எல்லாம் ஒருங்கே தலைக்கேறுகின்றன.

மேலும், மது அருந்தியபின் கஞ்சா ஆவியை உட்கொண்டவர்களின் இரத்தத்தில் கஞ்சாச் சத்து மிக உயர்ந்த அளவை எட்டியதென 2015-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. அதாவது, ஒன்று மற்றதன் வலிமையைப் பெருக்குகிறது. தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, வாந்தி, படபடப்பு, பெரும் பீதி ஆகியன தோன்றக்கூடும். வாகனம் ஓட்டுவோனிடத்தில் கவனமும் சமநிலையும் ஒருசேரக் குன்றுகின்றன. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் சாராயச் சத்து இருப்பின் வாகனம் ஓட்டுதல் குற்றம். கஞ்சாவும் சேர்ந்திருப்பின் அதற்குக் குறைந்த அளவிலும் ஆபத்து உண்டு.

இவ்வாறு மயங்கிக் கிடப்பவனைக் கண்டால் ‘தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்’ என்று தனியே விட்டுச் செல்லலாகாது. மல்லாந்து கிடப்பவன் வாந்தி எடுப்பின் மூச்சடைத்து இறக்கக்கூடும். அவனை ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, அருகில் ஒருவர் இருத்தல் வேண்டும். உப்பு நீர் புகட்டி வாந்தி எடுக்கச் செய்வது கேடு. எழுப்பியும் எழாமை, மூச்சு மிக மெதுவாதல், உதடு நீலம் பாரித்தல், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே 112 என்ற எண்ணில் உதவி கோருக. இரண்டு பொருள்களையும் உட்கொண்ட செய்தியை மருத்துவரிடம் மறைத்தல் கூடாது. தண்டனைக்கு அஞ்சி நண்பர்கள் மறைக்கும் அந்த ஒரு மணி நேரமே சில வேளைகளில் உயிரைக் கவர்ந்துவிடுகிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. சீர்தூக்கிப் பார்க்கும் ஆற்றலுக்குரிய மூளைப் பகுதி ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. இவ்வுண்மையை மாணவர்க்கு மிகைப்படுத்தாமல் எடுத்துரைக்க வேண்டும். ஒருமுறை உட்கொண்டும் தீங்கின்றித் தப்பிய நண்பனை அறிந்த மாணவன் வெறும் அச்சுறுத்தலை நம்பமாட்டான். தாமதத்தின் காரணத்தை விளக்கினால் சிந்திப்பான். பழக்கத்திலிருந்து மீள விரும்புவோர்க்கு 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண் உள்ளது. பள்ளி, கல்லூரி, கிராம நிலையம் எங்கும் அவ்வெண் அனைவர் கண்ணிலும் படுமாறு எழுதப்பட்டிருத்தல் நலம்.