அணைக்கும் கை

'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்பது பழமொழி. பெற்றோரின் கண்டிப்பிற்குள் அன்பு இருக்கும் என்னும் நம்பிக்கையில் பிறந்தது அது. ஆயினும், காயப்படுத்தியும் பட்டினி போட்டும் குழந்தையை வதைக்கும் கை, பெற்றவரின் கையே ஆயினும் அணைக்கும் கை ஆகாது. அத்துன்பத்தை 'வீட்டு விவகாரம்' என்று ஊர் ஒதுக்கிவிடலாம், சட்டம் ஒதுக்குவதில்லை.

சட்டம் கூறுவது

18 வயது நிறைவடையாத அனைவரும் குழந்தைகளே என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். பதினோராம் வகுப்பு மாணவரும் பெரும்பாலும் இவ்வரையறைக்குள் அடங்குவர். உடன் வாழ்பவராலேயே துன்புறுத்தப்படும் குழந்தை, 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' எனக் கருதப்படும். கொடுமை இழைத்தவருக்குப் பிரிவு 75இன்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையோ ஒரு இலட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பாலியல் கொடுமையெனில் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் பொருந்தும். அக்குற்றத்தை அறிந்த பெரியவர் தெரிவிக்காமல் மறைப்பதும் குற்றமே.

பாதுகாப்பிற்கான வழி

1098 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் இரவும் பகலும் இயங்குகிறது. பாதிக்கப்பட்ட குழந்தையைக் காவலர், மருத்துவர், சமூகப் பணியாளர் முதலியோர் குழந்தைகள் நலக்குழுவின்முன் அழைத்துச் செல்லலாம். குழந்தை தானாகவும் செல்லலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குழந்தை குழுவின்முன் கொண்டுவரப்பட வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இக்குழுவில் பெண் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுச் சூழலை ஆராய்ந்து அறிக்கை அளிப்பார். குழந்தையின் கருத்தையும் கேட்டறிந்தே குழு முடிவெடுக்கும். குழந்தையின் பெயரையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிடச் சட்டம் தடை விதித்துள்ளது.

அச்சமும் தெளிவும்

வதைபடும் குழந்தையும் பெற்றோரை நேசிக்கிறது. 'வெளியே சொன்னால் குடும்பம் சிதைந்துவிடுமோ' என்னும் அச்சமே அதன் வாயை அடைக்கிறது. ஆனால், குழந்தை குடும்பத்தில் வளர்வதையே சட்டமும் விரும்புகிறது. பாதுகாப்பு உறுதியானால் கண்காணிப்புடன் பெற்றோரிடமே குழந்தையை ஒப்படைக்கலாம். இயலாவிடில் உறவினரிடமோ வளர்ப்புக் குடும்பத்திடமோ ஒப்படைக்கலாம். இல்லத்தில் சேர்ப்பது இறுதி வழியே.

பெற்றோருக்குக் குழந்தைமீது உரிமை உண்டு. அவ்வுரிமை, காக்கும் கடமையோடு சேர்ந்தே வருவது. கடமை தவறும்போது குழந்தை உதவி கேட்பது துரோகம் ஆகாது. ஆசிரியரிடமோ உறவினரிடமோ கூறப்படும் ஒரு சொல், அணைக்கும் கையொன்றை அக்குழந்தையிடம் கொண்டுவந்து சேர்க்கும்.