உறை கழற்றிய இதயம்

பினாங்கில் ஒருவருக்கு வயிறு வீங்கி, காலும் வீங்கி, கைகள் மட்டும் குச்சியாக மெலிந்துபோனால் உறவினர்கள் முதலில் சம்சு என்ற மலிவுச் சாராயத்தைத்தான் சந்தேகிப்பார்கள். குடித்துக் குடித்துக் கல்லீரல் போய்விட்டது என்று அவர்களாகவே முடிவு கட்டிவிடுவதும் உண்டு. ஒரு சொட்டுகூடத் தொட்டறியாதவரும் அந்தப் பழியைச் சுமந்துகொண்டுதான் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட வீக்கங்களில் சிலவற்றுக்குக் காரணம் கல்லீரலும் அல்ல, சிறுநீரகமும் அல்ல. இதயத்தைச் சுற்றியிருக்கும் ஒரு மெல்லிய உறைதான்.

பெரிகார்டியம் என்ற இந்த உறை, நலமான உடலில் 2 மில்லிமீட்டர் தடிப்புகூட இருக்காது. அதன் படலங்களுக்கு நடுவே 15 முதல் 50 மில்லிலிட்டர் வரை நீர் இருக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயம் பக்கத்து உறுப்புகளோடு உராயாமல் வழுக்கிச் செல்ல அந்தச் சில கரண்டி நீர் போதும். இதயத்தை இடம்பெயராமல் பிடித்துவைப்பதும், அளவுமீறி விரியாமல் தடுப்பதும், நுரையீரலில் உள்ள தொற்று எளிதில் எட்டாதபடி காப்பதும் இந்த உறையின் வேலைகள். இவ்வளவு செய்தும், இது இல்லாமலே பிறந்து நலமாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். மாட்டின் பெரிகார்டியத்தைப் பதப்படுத்தி மனிதர்களுக்கு இதய வால்வு செய்கிறார்கள் என்றால் அந்தப் படலத்தின் உறுதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த உறை நோயுறப் பல காரணங்கள் உண்டு. மேலை நாடுகளில் வைரஸ் தொற்று, முன்பு செய்த இதய அறுவை, புற்றுநோய்க்குக் கொடுத்த கதிர்வீச்சு ஆகியவை முன்னால் நிற்கின்றன. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் காசநோய்தான் முதன்மையான காரணம். மலேசியாவில் ஆண்டுக்குச் சுமார் 25,000 பேருக்குக் காசநோய் பதிவாகிறது. பெரும்பாலோருக்கு அது நுரையீரலோடு நின்றுவிடும். மிகச் சிலருக்கு நெஞ்சுக்குள் இருக்கும் நிணநீர்க் கணுக்களிலிருந்து இதய உறைக்குத் தாவுகிறது. கெடாவின் நெல்வயல் மண்ணில் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமியும் அரிதாக இதே வேலையைச் செய்யும். காசநோய் என்றே எண்ணவைக்கும்.

முதலில் உறைக்குள் நீர் கோக்கும். பிறகு நீர் வற்றி, படலங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தழும்பாகித் தடிக்கும். ஆண்டுகள் போகப்போகச் சுண்ணாம்பு படிந்து முட்டை ஓடுபோல் இறுகும். உள்ளே இருக்கும் இதயத் தசைக்குப் பெரும்பாலும் ஒரு குறையும் இல்லை; சுருங்கி இரத்தத்தைத் தள்ள அதற்கு வலு இருக்கிறது. விரியத்தான் இடமில்லை. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இரத்தம் விரைந்து உள்ளே வரும், சுவரில் மோதியதுபோல் சட்டென்று நின்றுவிடும். ஸ்டெதாஸ்கோப் வைத்தால் அந்த நிறுத்தமே ஒரு தட்டலாகச் சிலருக்குக் கேட்கும். உள்ளே போக முடியாத இரத்தம் சிரைகளில் தேங்குகிறது. கல்லீரல் பருக்கிறது, வயிற்றில் நீர் சேர்கிறது. மூச்சுத்திணறலைவிட வயிற்று வீக்கமே முந்திக்கொள்வதால் இதயத்தின் மேல் யாருக்கும் ஐயம் எழுவதில்லை.

குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பது கழுத்துதான். நாம் மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து இரத்தம் இதயத்தை நோக்கி இழுக்கப்படும். கழுத்துச் சிரை தணியும். உறை இறுகியவருக்கோ மூச்சை இழுத்தால் கழுத்துச் சிரை மேலும் புடைக்கும். 1873-ல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் இதைப் பதிவுசெய்தார். ஸ்கேன் எதுவும் வேண்டாம், காசு செலவில்லை, நோயாளியைச் சாய்த்துப் படுக்கவைத்து அரை நிமிடம் பார்த்தால் போதும். வயிற்றைத் தட்டிப் பார்ப்பவர்கள் எல்லோரும் கழுத்தையும் பார்த்தால், கல்லீரல் நோயாளி என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் அலைவது சிலருக்காவது மிச்சமாகும். ஸ்கேனையே முழுக்க நம்பவும் முடியாது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், அறுவையில் நோய் உறுதியான 143 பேரில் 26 பேருக்கு உறையின் தடிப்பு இயல்பாகவே இருந்தது.

நோயுற்ற உறையை வெட்டி எடுத்த கதை மிகப் பழையது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், மற்போர்ப் பயிற்சியில் நெஞ்சில் அடிபட்டுச் சீழ்பிடித்த ஓர் அடிமைச் சிறுவனின் மார்பெலும்பைக் கிரேக்க மருத்துவர் கேலன் வெட்டி எடுத்தார். அடியில் இதய உறையும் அழுகியிருந்தது. அதன் வழியே இதயம் துடிப்பதைக் கண்ணால் பார்த்தார். சிறுவன் பிழைத்தான். உறை இறுகுவதால் வரும் நோயை 1842-ல் லண்டனில் விவரித்தவர் நார்மன் செவர்ஸ். இவர் பின்னாளில் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் முதல்வரானார். 1898-ல் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் எட்மண்ட் டெலோர்ம், உறையை உரித்துவிட்டால் என்ன என்று கேட்டார். 1913-ல் லுட்விக் ரென், ஃபெர்டினாண்ட் சாவர்புருக் என்ற இரண்டு ஜெர்மானிய அறுவை மருத்துவர்கள் அதைச் செய்தும் காட்டினார்கள்.

தமிழ் மண்ணில் இந்த அறுவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வேரூன்றியது. 1940களின் இறுதியில் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் ரீவ் பெட்ஸ் இந்தியாவின் முதல் நெஞ்சக அறுவைத் துறையை அமைத்தார். காசநோய் மலிந்த நாட்டில் அந்தத் துறைக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. வி. வி. பாஷி, ஸ்டான்லி ஜான் முதலியோர் 1988-ல் ‘தோராக்ஸ்’ இதழில் வேலூரின் 118 நோயாளிகளுக்கு இந்த அறுவை தந்த உடனடிப் பலன்களையும் நெடுநாள் பலன்களையும் எழுதினார்கள். ஒரே மருத்துவமனையில் அத்தனை பேர் என்பது அந்நோயின் பரவலுக்கும் அவர்களின் கைப்பழக்கத்துக்கும் சான்று. இன்று பினாங்குக்காரர் இதற்காகக் கடல் கடக்கத் தேவையில்லை. ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பொது மருத்துவமனையிலேயே இதய அறுவைப் பிரிவு இருக்கிறது.

அறுவையைப் பார்ப்போம். மார்பெலும்பை நடுவே அறுத்துத் திறக்கிறார்கள். துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் மேலிருந்து உறையைச் சிறிது சிறிதாகப் பிரிக்க வேண்டும். இதயத்தின் இரு புறமும் ஒவ்வொரு நரம்பு இறங்கி உதரவிதானத்துக்குப் போகிறது. அது அறுபட்டால் அந்தப் பக்கத்து உதரவிதானம் செயலிழந்து மூச்சு தடுமாறும். அதனால் இடப்புற நரம்பிலிருந்து வலப்புற நரம்பு வரை அளந்து எடுப்பார்கள். வரிசையும் முக்கியம்: இடது கீழறையை முதலில் விடுவிக்க வேண்டும். வலது கீழறையை முதலில் விட்டால் அது உற்சாகமாக நுரையீரலுக்கு இரத்தத்தை அனுப்பும். இடது பக்கம் இன்னும் சிறைப்பட்டிருப்பதால் அதை வாங்கிக்கொள்ள முடியாமல் நுரையீரலில் நீர் கோத்துவிடும். சுண்ணாம்பு சில இடங்களில் தசைக்குள்ளேயே ஊடுருவியிருக்கும். அங்கே பிடிவாதம் பிடித்தால் இதயச் சுவர் கிழியும். அந்தத் துண்டுகளைத் தீவுகளாக அப்படியே விட்டுவிடுவதுதான் விவேகம். இதயத்தோடு ஒட்டிய உள்படலமும் தடித்திருந்தால் அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தசை விரிய வழிசெய்வார்கள்.

உறை நீங்கியதும் பலருக்குச் சிரை அழுத்தம் இறங்கி, அடுத்த நாட்களில் தேங்கிய நீர் சிறுநீராகக் கழிகிறது. ஆனால் நெடுங்காலம் நெரிபட்ட தசை நலிந்திருந்தால் தேற வாரங்களோ மாதங்களோ ஆகும். ஆபத்தும் சிறிதல்ல, ஐரோப்பிய இதயநோய் மருத்துவர்களின் 2015 வழிகாட்டி, இந்த அறுவையில் உயிரிழப்பு நூற்றுக்கு 6 முதல் 12 வரை என்றது. காத்திருக்கக் காத்திருக்க அது கூடும்.

அதே சமயம் அவசரமும் கூடாது. தொடக்கநிலை இறுக்கம் காசநோய் மருந்தாலேயே இளகிவிடுவதுண்டு. அதனால் சுண்ணாம்பு படியாதவர்களுக்கு நான்கு முதல் எட்டு வாரம் மருந்து கொடுத்துப் பார்த்த பிறகே அறுவையைப் பற்றி முடிவெடுக்கிறார்கள். தென்னாப்பிரிக்க மருத்துவர் போங்கானி மயோசி தலைமையில் 1,400 ஆப்பிரிக்க நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. காசநோய் மருந்தோடு பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை பெற்றவர்களில் 4.4 விழுக்காட்டினருக்கே உறை இறுகியது, பெறாதவர்களில் 7.8 விழுக்காட்டினருக்கு. மொத்த உயிரிழப்பை அது குறைக்கவில்லை. எச்ஐவி தொற்று உள்ளவர்களுக்கோ அதனால் சில புற்றுநோய்கள் கூடின. எனவே அந்த மாத்திரையை யாருக்குக் கொடுப்பது என்பதை மருத்துவர்கள் ஆளுக்கு ஆள் எடைபோட்டே தீர்மானிக்கிறார்கள்.