சங்கத்திற்கு ஒரு கைச்சுழற்கருவி

பழுது சிறிதாயினும் அதனால் நேரும் இழப்பு சிறிதன்று. நாடாவின் எஃகு முனையில் மயிரளவு பிசிறு எழுந்தால் போதும். பாவு இழை அறுந்துகொண்டே இருக்கும். தெளிப்பானின் திருகாணி ஒன்று துருவேறி இறுகினால், மருந்தடிக்கும் நாள் வீணாகும். கரும்பு வயல்கள் சூழ்ந்த முண்டியம்பாக்கத்திலும், பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற சிறுவந்தாட்டிலும் இவை அன்றாடத் தொல்லைகள். இவற்றிற்கு உதவும் மின்கலக் கைச்சுழற்கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே கூறுவோம்.

பல் மருத்துவர் கையாளும் துளைகருவியை ஒத்தது இது. முனையில் பொருத்தும் உறுப்பை மாற்றினால் தேய்க்கும், அறுக்கும், துளையிடும், மெருகிடும். அமெரிக்காவில் ரசீன் நகரத்தில் ஆல்பர்ட் டிரெமெல் 1932 இல் தொடங்கிய நிறுவனம் இவ்வகைக் கருவியை உலகெங்கும் பரப்பியது.

முதலில் வேலை எங்கே நடக்கிறது என்பதை ஆராய்தல் வேண்டும். பட்டறை மேசையிலேயே பணி முடியுமாயின், மின்கம்பியுடன் கூடிய கருவியே போதும், விலையும் குறைவு. குழியில் நாட்டிய தறியையோ, வயலிலுள்ள எஞ்சினையோ பட்டறைக்குத் தூக்கிவர இயலாதன்றோ? அங்கேதான் மின்கலக் கருவி தன் விலைக்கு ஈடு செய்யும்.

அடுத்து மின்கலம். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் அதன் கொள்ளளவு வாட்-மணியில் கிடைக்கும். 3.7 வோல்ட், 2 ஆம்பியர்-மணி மின்கலம் 7.4 வாட்-மணியே தரும். சங்க உடைமைகளில் எண் பொறிக்கவும், நாடாவின் பிசிறு நீக்கவும் அது போதும். இரும்பை அறுக்க 12 வோல்ட் கருவி வேண்டும். 2 ஆம்பியர்-மணியில் அது 24 வாட்-மணி தரும். ஆயினும் 100 வாட் இழுக்கும் கடும் வேலையில் அதுவும் கால் மணி நேரம் நில்லாது. ஆதலின் மாற்று மின்கலம் ஒன்றையும் சேர்த்தே வாங்குக. மின்கலத்தில் ஐ.எஸ். 16046 தரப்பதிவு உள்ளதா எனவும் காண்க.

அதிவேகமே சிறப்பு என மயங்கலாகாது. நிமிடத்திற்கு 5,000 முதல் 30,000 சுற்று வரை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியே இன்றியமையாதது. மிகுவேகத்தில் மரம் கருகும், பிளாஸ்டிக் உருகும். உறுப்புகளைப் பற்றும் பிடி 3.2 மில்லிமீட்டர் அளவினதாயின் மாற்று உறுப்புகள் எளிதில் கிடைக்கும். துருவேறிய திருகாணித் தலையில் புதுப் பள்ளம் கீறித் திருப்புளியால் கழற்ற இக்கருவி உதவும். ஆயின் தடித்த இரும்புக் கம்பியை அறுக்க இதனை வாட்டுதல் தவறு. தெளிப்பானின் நுண்துளையையும் இதனால் குடையலாகாது. துளை விரிந்தால் மருந்தின் அளவே மாறிவிடும்.

38 மில்லிமீட்டர் அறுப்பு வட்டு 30,000 சுற்றில் ஓடுகையில் அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. வட்டு சிதறினால் கண் போய்விடும். எனவே கண்ணாடிக் கவசமின்றி எவரும் இதனைத் தொடலாகாது. வட்டில் குறித்த உச்சவேகம் கருவியின் வேகத்திற்குக் குறையலாகாது. தோள் துண்டைக் களைந்துவிட்டு, வேட்டியை இறுகக் கட்டுக. பஞ்சுத் தூசி படிந்த தறிக்கூடத்திலும், காய்ந்த கரும்புச் சோகை அருகிலும் இரும்பைத் தேய்த்தால் ஒரு பொறியே தீயாகும். உறுப்பைக் கழற்றி வெளியே கொணர்ந்து தேய்ப்பதே அறிவுடைமை.

வீட்டுக்கு ஒரு கருவி தேவையில்லை. சங்கத்திற்கு ஒன்று போதும். நிருவாகக் குழு தீர்மானம் இயற்றி, மூன்று விலைப்புள்ளிகள் பெற்று வாங்குக. உறுப்புகளை எண்ணி இருப்புப் பதிவேட்டில் பதிக. பயின்ற ஓர் அங்கத்தினரிடம் பொறுப்பை ஒப்படைத்து, எடுத்த நாளும் திரும்பிய நாளும் குறித்து வருக. கண் கவசமும் அக்கருவிப் பெட்டியிலேயே இருத்தல் வேண்டும். கவசம் இல்லாத நாளில் கருவியும் வெளியே செல்லலாகாது.